எடுத்தவர், எடுப்பித்தவர்: பிறவினை பற்றிச் சில குறிப்புகள்

வாலாஜாபாத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். இத்தனை வருடங்களில் பிள்ளைகள் மாறியிருக்கிறார்கள், பாடப்புத்தகம் மாறியிருக்கிறது, ஒரு தவறு மட்டும் மாறவில்லை. ‘ஐ கட் மை ஹேர்’ என்று எழுதுவார்கள். ‘மை மதர் ஸ்டிச்டு எ ப்ளவுஸ்’, ‘மை ஃபாதர் பில்ட் எ ஹவுஸ்’ என்று எழுதுவார்கள். நான் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்று திருத்துவேன். இதற்குப் பெயர் காசேட்டிவ். நீ செய்யவில்லை, இன்னொருத்தரை வைத்துச் செய்திருக்கிறாய், அதைச் சொல்ல இங்கிலீஷில் தனி அமைப்பு இருக்கிறது என்று விளக்குவேன்.

ஒருநாள் ஒரு பையன் கேட்டான்: “சார், தமிழ்ல ‘முடி வெட்டிக்கிட்டேன்’னுதானே சொல்றோம்? வெட்டுனவரை யாரு சொல்றா? தமிழ்ல தப்பில்லாதது இங்கிலீஷ்ல மட்டும் எப்படி சார் தப்பாவுது?”

விதியைச் சொல்லி அவனை உட்கார வைத்தேன். உட்கார வைத்தேன் என்பதும் பிறவினைதான். அவன் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கடனை அடைக்கும் முயற்சி.

1

முதலில் இலக்கணம். தமிழில் தன்வினை, பிறவினை என்ற பிரிவு எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். திருந்து–திருத்து, உருள்–உருட்டு, ஆடு–ஆட்டு. இவற்றோடு ‘வி’, ‘பி’ விகுதிகள் சேர்ந்த செய்வி, நடப்பி போன்றவற்றையும் ஒரே கூடையில் போட்டுத்தான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி தொடங்கிவிட்டது. பின்னர் கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆங்கில ஆய்வு நூலில் இதைத் தெளிவாக்கினார். திருந்து–திருத்து போன்ற இணைகளில் உள்ள வேறுபாடு, வினையின் பாதிப்பு எழுவாயையே சேர்கிறதா, வேறொன்றைச் சேர்கிறதா என்பது. ஒருவரைக் கொண்டு இன்னொருவர் செய்விப்பது வேறு விஷயம். நான் இங்கே பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

பவணந்தியின் நன்னூல் இதற்கு நுட்பமான இடம் தருகிறது. ‘செய்’ என்பதன் மேல் ஒரு விகுதி தனித்து வந்தால் ‘செய்வி’. இரண்டு விகுதிகள் இணைந்து வந்தால் ‘செய்விப்பி’, அதாவது ஈரேவல். ஒருவர் ஏவ, ஏவப்பட்டவர் இன்னொருவரை ஏவ, கடைசியில் யாரோ ஒருவர் கை அசைக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணக்காரருக்கு இந்தச் சங்கிலி தெரிந்திருக்கிறது. நன்னூலே சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள எழுதப்பட்ட நூல் என்பதையும் நினைவில் கொள்ளலாம். மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது நம் இலக்கண மரபு கருத்தாவை இரண்டாகப் பிரிக்கிறது. இயற்றும் கருத்தாவுக்கு வழிவழியாக வரும் உதாரணம் தச்சனாலாகிய கோயில். ஏவும் கருத்தாவுக்கு உதாரணம் அரசனாலாகிய கோயில். ஒரே கோயிலுக்கு இரண்டு கருத்தாக்கள். இருவருக்கும் ஒரே உருபு, ஒரே ‘ஆல்’. இலக்கணம் இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டு, யாருடைய கோயில் என்ற கேள்வியை நம்மிடம் விட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கான விகுதி இல்லை. அது துணைவினைகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது. லெட், ஹேவ், கெட், மேக். வகுப்பில் இவற்றை வாய்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிறோம். உண்மையில் இவை அதிகாரத்தின் நான்கு படிகள். லெட் என்றால் அனுமதி. ஹேவ் என்றால், சொன்னால் செய்வார்கள் என்ற நிலையில் இருப்பவரின் ஏற்பாடு. கெட் என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தல். மேக் என்றால் வேறு வழியில்லாமல் செய்ய வைத்தல். தமிழின் ‘செய்வித்தான்’ இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. கூலி கொடுத்தானா, கெஞ்சினானா, சவுக்கை எடுத்தானா என்பது அந்த ‘வி’க்குள் மூடிக்கிடக்கிறது.

இதனால் ஆங்கிலம் நேர்மையான மொழி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பதில் முடி இருக்கிறது, நான் இருக்கிறேன், வெட்டு இருக்கிறது, வெட்டியவர் இல்லை. அவருக்காக ஒரு காலி இடம் இருக்கிறது, அவ்வளவுதான். ‘ஷாஜகான் பில்ட் தி தாஜ்மஹால்’ என்று எழுதினால் எந்த ஆங்கில ஆசிரியரும் சிவப்பு மையை எடுப்பதில்லை. முடி வெட்டியதற்கு மட்டும் திருத்தம், தாஜ்மஹாலுக்குத் திருத்தம் இல்லை. பையனின் கேள்வி உண்மையில் இங்கேதான் போய் நிற்கிறது.

2

வாலாஜாபாத்திலிருந்து கிழக்கே செங்கல்பட்டுக்குப் போனால் பக்கத்தில் வல்லம் என்ற ஊர். குன்றில் பல்லவர் காலக் குடைவரைகள் உள்ளன. அதில் ஒன்றில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களை வரிசையாகச் சொல்லி, அவனுடைய அடியான் வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் ‘செயிவித்த தேவகுலம்’ என்று முடிகிறது. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டும் ‘நிர்மாபித’ என்றே சொல்கிறது. அதுவும் பிறவினைதான். அரசன் கட்டினான் என்று அரசனே சொல்லிக்கொள்ளவில்லை, கட்டுவித்தான் என்றே சொல்கிறான்.

தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறது. ‘எடுத்த’ என்றில்லை, ‘எடுப்பிச்ச’. அந்தச் சிறிய ‘பிச்ச’வை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். ‘தஞ்சைப் பெரியகோயிலைக் கட்டியவர் யார்?’ என்று வினாத்தாளில் கேட்கிறோம். பதில் ராஜராஜன், ஒரு மதிப்பெண். அரசனே விட்டுக்கொடுத்த இடத்தை ஆயிரம் வருடம் கழித்து நாம் அவனுக்கு எழுதிக்கொடுக்கிறோம். பிரெக்ட் 1935இல் எழுதிய கவிதையின் படிக்கிற தொழிலாளி இப்படிப்பட்ட பாடப்புத்தகத்தைத்தான் கேள்வி கேட்கிறான். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். பழைய கல்லில் இருந்த வினைச்சொல் நம்முடைய புதிய புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு சோழர் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலைக்கு இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறவினையைக் கல்லில் பொறித்தது தொழிலாளிமேல் இருந்த கரிசனத்தால் அல்ல. எடுப்பித்தல் எடுத்தலைவிட உயர்ந்த செயலாக இருந்தது. கையால் செய்வது கீழ், ஏவுவது மேல். ‘நாம் எடுப்பிச்ச’ என்பது அடக்கம் அல்ல, அதிகாரத்தின் சரியான முகவரி. ஆனால் அந்த முகவரியை எழுத வேண்டுமானால், ஏவப்பட்டவர் ஒருவர் இருந்தார் என்பதையும் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். அதே கோயில் கல்வெட்டுகளில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறார். கோயிலில் நாவிதத் தொழில் செய்தவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டமும் இருக்கிறது. அரசன் தன் பெயரையே அவர்மேல் போட்டு மூடிவிட்டான் என்றும் இதை வாசிக்கலாம், தன் பெயரை அவரோடு பகிர்ந்துகொண்டான் என்றும் வாசிக்கலாம். எப்படி வாசித்தாலும் பதினோராம் நூற்றாண்டுக் கல்லில் நாவிதர் இருக்கிறார். என் மாணவனின் வாக்கியத்தில் இல்லை. நான் திருத்திக்கொடுத்த ஆங்கில வாக்கியத்திலும் இல்லை.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு என்றாலே ஜனநாயகம் என்று நம்மவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். யார் யார் குடத்தில் பெயர் போடத் தகுதியற்றவர் என்ற பட்டியலை அவர்கள் வாசிப்பதில்லை. அது வேறு விவாதம். என் கவனம் பராந்தகன் காலத்து (919, 921) அந்தத் தீர்மானங்களின் கடைசி வரிமேல். சபையார் பணிக்க, இந்த வியவஸ்தையை ‘எழுதினேன்’ என்று மத்தியஸ்தன் காடாடிப் போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரைச் சொல்லி முடிக்கிறான். பணித்தவர் ஒரு வினையில், எழுதியவர் இன்னொரு வினையில். ‘எழுதுவிக்கப்பட்டது’ என்று இரண்டையும் ஒன்றாகக் குழைக்கவில்லை. ஏவிய வாயும் எழுதிய கையும் தனித்தனியாக நிற்கின்றன. ‘எழுதினேன்’ என்ற அந்தத் தன்மை ஒருமையை நம் வரலாற்றின் அரிய சொற்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியில் ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் கைவினைஞர்களின் பெயர்கள் இருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று. மேலே வாக்கியம் இல்லை, வினைச்சொல் இல்லை, அரசன் இல்லை, பெயர் மட்டும். செயிவித்தவர்களுக்கு வாக்கியம் கிடைத்தது. செய்தவர்களுக்குப் பெயர்ச்சொல் மட்டும்தான் கிடைத்தது, அதுவும் அவர்களே வெட்டிக்கொண்டதால்.

3

எங்கள் ஊரின் பெயரே ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவினுடையது. 1763இல் நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாலாஜாபாத் பின்பு கும்பினிப் படையின் பாளையமாக இருந்தது. இந்த ஜாகீரின் கலெக்டராக 1794 முதல் 1798 வரை இருந்தவர் லியோனல் பிளேஸ். இவரைப் பற்றியும் இந்த வட்டாரம் பற்றியும் யூஜின் இர்ஷிக் 1994இல் விரிவான நூல் எழுதியிருக்கிறார். மதுராந்தகம் ஏரிக்கரையை மழையிரவில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு நின்று காத்ததைப் பிளேஸ் துரை கண்டார், பிறகு தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது ஏரிகாத்த ராமர் கோயிலின் கதை. அங்குள்ள கல்வெட்டு இந்தத் தர்மம் கும்பினி ஜாகீர் கலெக்டர் லியோனல் பிளேஸ் துரை ‘அவர்களது’ என்கிறது.

வல்லத்தில் ‘செயிவித்த’. தஞ்சையில் ‘எடுப்பிச்ச’. மதுராந்தகத்தில் ‘அவர்களது’. வினை போய்விட்டது, ஆறாம் வேற்றுமை உடைமை வந்துவிட்டது. ஒரு கல்வெட்டை வைத்து ஒரு யுகத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் நிலத்தையும் நீரையும் பட்டாவாக, கணக்காக, சொத்தாக மாற்றிக்கொண்டிருந்த ஆட்சியின் கலெக்டருக்கு உடைமை உருபு எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது! செயிவித்தான் என்றால் யாரைக்கொண்டு என்று கேட்க இடமிருக்கிறது. ‘அவர்களது’ என்றால் கேட்க ஒன்றுமில்லை.

கதையில் ஏரிக்கரையைக் காத்தது ராமன். கல்வெட்டில் தர்மம் செய்தது துரை. மண்வெட்டியும் கூடையுமாக வருடாவருடம் கரையை உயர்த்திய கைகள் கதையிலும் இல்லை, கல்லிலும் இல்லை. அவை கிடைக்கும் இடம் சட்டப் புத்தகம். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஏரி, கால்வாய்க் கரைகள் உடையும் நிலையில் இருந்தால் ஊர்க்காரர்களை வேலைக்குப் பிடிக்க அது அதிகாரம் தந்தது. குடிமராமத்து என்ற வழக்கம் சட்டத்தின் ‘மேக்’ ஆனது. புகழ் பேசும் இடத்தில் மறைகிற ஏவப்பட்டவர், கட்டாயப்படுத்தும் இடத்தில் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். ஆவணங்களில் உழைப்பாளியைத் தேடுபவர்கள் பெரும்பாலும் தண்டனைப் பிரிவுகளில்தான் அவரைக் கண்டுபிடிக்கிறார்கள். பூக்கோ படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

4

இனி தறி. இதை வெளியிலிருந்து எழுத என்னால் முடியாது. என் அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். நான் எட்டு வயதிலிருந்து கோர்வைக்கு உட்கார்ந்தவன்.

காஞ்சிபுரம் பட்டுக்கு அடையாளமே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் வேறு வேறு நாடாவில் ஓடி, சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்பவர் ஒரு பக்கத்திலிருந்து போடுவார். மறுபக்கத்துக் கரைக்கு இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கைக்குச் சம்பளம் குறைவாக இருந்தால் நல்லது, வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. தறிக்குழியின் ஓரத்தில் என் வயதுப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். முன்பணம் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் அடுத்தவர் வீட்டுத் தறியில் உட்கார்ந்தார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் எல்லாம் வந்த பிறகும் இது நடந்தது. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

நன்னூலின் ஈரேவல் எனக்குப் புரிந்தது இந்தத் தறிக்குழியில். கடைக்காரர் தறி முதலாளியைக் கொண்டு நெய்விக்கிறார். முதலாளி அப்பாவைக் கொண்டு நெய்விக்கிறார். அப்பா என்னைக் கொண்டு கோர்வை போடுவிக்கிறார். பாவும் பட்டும் ஜரிகையும் கொடுத்தவர் முதலாளி, எனவே புடவை ‘அவர்களது’. அப்பா ஒரே நேரத்தில் ஏவப்பட்டவர், ஏவியவர். அவரை அடித்தட்டு மக்களின் பிரதிநிதியாக மட்டும் எழுதிவிட்டால் எனக்கு வசதி. ஆனால் தூங்கிவிழுந்தபோது என் தலையில் விழுந்த குட்டு முதலாளியின் கையிலிருந்து வரவில்லை. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் மேலே இருப்பவனுக்குச் செயப்படுபொருள், கீழே இருப்பவனுக்கு எழுவாய். சாதி பற்றி அம்பேத்கர் சொன்ன படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வை நான் பிறகு படித்தபோது, இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த தறியாச்சே என்று தோன்றியது.

சட்டங்கள் இந்தச் சங்கிலியை எப்படி எழுதுகின்றன? காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு அடிப்படையான 1999ஆம் ஆண்டுச் சட்டம் ‘உற்பத்தியாளர்’ என்பதை வரையறுக்கிறது. கைவினைப் பொருளைச் செய்பவர் உற்பத்தியாளர். அதை வாங்கி விற்கும் வணிகரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். செய்தவரும் செய்வித்தவரும் விற்றவரும் ஒரே பெயர்ச்சொல். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளை ‘உதவுவதை’ அனுமதிக்கிறது. அங்கே ‘மேக்’ என்ற வினை ‘ஹெல்ப்’ ஆகிவிட்டது. பிள்ளைதான் எழுவாய். உதவுகிறது, தானாகவே. செய்ய வைத்தவர் வாக்கியத்திலிருந்து நாசூக்காக வெளியேறிவிட்டார்.

அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், ஒரு புடவையிலயாவது உங்க பேரு இருந்திருக்கான்னு. “பேரா? எத்தினியோ கல்யாணத்துக்கு நெய்ஞ்சிருக்கேன்டா. முந்தானையில மயிலு இருக்கும், அன்னம் இருக்கும். நான் எங்க இருப்பேன்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உன் பேரும்தான் இல்ல” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. குட்டுக்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

5

இதுவரை சொன்னதை வைத்து, பிறவினை உழைப்பாளியை மறைக்கும் ஆதிக்க இலக்கணம், அதைக் கட்டுடைத்தால் போதும் என்று யாராவது முடிவுக்கு வரலாம். நான் அங்கே நிற்கவில்லை. நம் பேச்சில் பிறவினை வேலை செய்யும் விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. புகழ் வரும்போது செய்வித்தவர் ‘செய்தார்’ ஆகிறார். பழி வரும்போது செய்விக்கப்பட்டவர் ‘செய்தார்’ ஆகிறார். இரண்டு இடத்திலும் காணாமல் போவது அந்த ‘வி’தான்.

செய்தித்தாளைப் பாருங்கள். ‘கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி பலி.’ இறங்கிய, தன்வினை. தாக்கியது வாயு. இறக்கியவர் எங்கே? அனுப்பிய ஒப்பந்தக்காரர், அழைத்த வீட்டுக்காரர், டெண்டர் விட்ட நிர்வாகம், எல்லோரும் வாக்கியத்துக்கு வெளியே பத்திரமாக இருக்கிறார்கள். செத்தவர் தானே இறங்கித் தானே செத்தார். இங்கே நமக்கு வேண்டியது பிறவினையைக் கட்டுடைப்பது அல்ல, பிறவினையைக் கோருவது. ‘இறக்கினார்கள்’ என்று எழுது, யார் என்று எழுது.

2013ஆம் ஆண்டின் கையால் மலமள்ளும் தொழில் தடைச் சட்டம் இதைச் செய்ய முயன்றிருக்கிறது. எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ இந்த வேலையில் ஒருவரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மறைமுகமாக என்ற சொல் ஈரேவலுக்குச் சட்டம் வைத்த பெயர். உச்ச நீதிமன்றம் 2014இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. பிறரைக்கொண்டு செய்பவன் தானே செய்தவன் ஆவான் என்ற பழைய லத்தீன் சட்ட வாசகம் வணிக ஒப்பந்த வழக்குகளில் தாராளமாக எடுத்தாளப்படுகிறது. மலக்குழிக்கு வரும்போது மட்டும் அதற்கு மூச்சுத் திணறுகிறது.

‘ஏவல்’ என்ற சொல்லை நம் கிராமத்தில் வேறு பொருளிலும் சொல்வார்கள். பில்லி, சூனியம், ஏவல். ஏவியவன் வீட்டில் உட்கார்ந்திருப்பான், வேலை வேறெங்கோ நடக்கும், கைரேகை இருக்காது. இலக்கணத்தின் ஏவும் கருத்தாவுக்கும் இந்த ஏவலுக்கும் வேர் ஒன்றுதான். சூனியத்தை எடுக்க வருபவர் முதலில் கேட்கும் கேள்வி ‘ஏவினது யாரு?’ என்பதே. வரலாறு எழுதுகிற நாமும் அதையேதான் கேட்க வேண்டும். அதோடு அவர் கேட்காத இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ‘யாரைக்கொண்டு?’

அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். தம்பி, நீ எழுதியது இங்கிலீஷில் தவறு, தமிழில் வழக்கம். இரண்டிலும் ஓர் ஆள் குறைகிறார். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்பது பரீட்சைக்குச் சரி. முழு வாக்கியம் அதற்குப் பிறகும் ‘பை’ என்று ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு பெயரை நீதான் எழுத வேண்டும். பரீட்சைத் தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

இப்போதெல்லாம் பிறவினைப் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போடச் சொல்கிறேன். யார் சொல்லி, யார் கை? வீடு கட்டியது, சட்டை தைத்தது, கோயில் எடுத்தது, தொட்டி கழுவியது, எல்லாவற்றுக்கும். பிள்ளைகள் முதல் கட்டத்தை உடனே நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது கட்டத்துக்கு வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. சில பிள்ளைகள் மட்டும் கேட்கப் போவதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அது அவர்களுடைய அப்பா அல்லது அம்மாவின் பெயர்.